ஆறா, எட்டா? அன்ட்ரோஸ் போன்ஃபிஷ்ஷுக்கும் ஒன்ராறியோ ஆறுகளுக்கும் ஒரே ஃப்ளைக் கோல் போதுமா?

ஏரிக்கரையான் எழுதியது:

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். அஜாக்ஸில் இருக்கிறேன். புழுவும் சுழல் ரீலுமாக ஒன்ராறியோ ஏரிக்கரையில் பல வருடமாக மீன்பிடிக்கிறவன். ஃப்ளை முறை, அதாவது இறகும் மயிரும் கட்டிய முள்ளை வீசிப் பிடிப்பது, எனக்குப் புதிது. வருகிற நவம்பரில் லண்டனிலிருந்து வரும் மைத்துனருடன் பகாமாஸில் உள்ள அன்ட்ரோஸ் தீவுக்குப் போகிறோம். போன்ஃபிஷ் பிடிக்கப் படகும் வழிகாட்டியும் அவர் ஒழுங்குசெய்துவிட்டார். கோலும் ரீலும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கிழமைப் பயணத்துக்காக மட்டும் காசைக் கொட்ட எனக்கு மனமில்லை. மனைவிக்கு அறவே மனமில்லை. திரும்பி வந்த பிறகும் அதே கோல் பயன்பட வேண்டும். ஃபெர்கஸ் பக்கம் கிராண்ட் ஆற்றில் பிரவுன் ட்ரவுட், இலையுதிர் காலத்தில் கனரஸ்கா ஆற்றில் ஏறிவரும் ஸ்டீல்ஹெட், கோடையில் ஸ்மால்மவுத் பாஸ், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஏரியில் கிடக்கும் பெரிய கெண்டை. இவைதான் என் ஆசைகள்.

கடையில் கேட்டேன். "ஆறாம் இலக்கக் கோல் ஒன்றை வாங்குங்கள், எல்லா மீனுக்கும் நடுவில் நிற்கும்" என்றார் அங்கே நின்றவர். கோல், ரீல், நூல் எல்லாம் சேர்த்து 700 டொலருக்குள் முடிக்க வேண்டும். ஆறு சரிவருமா? ட்ரவுட் ஒரு இறாத்தல், ஸ்டீல்ஹெட் பத்து இறாத்தல் என்றால் நடுவில் ஒன்றை எடுப்பதுதானே நியாயம்?


பழைய தங்கூசி எழுதியது:

தம்பி, கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆறாம் இலக்கம் எல்லாவற்றையும் செய்யும், எதையும் திருத்தமாகச் செய்யாது. நீங்கள் எட்டை வாங்குங்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இல்லாவிட்டால் அடுத்த கடையில் இன்னொருவர் உங்கள் மனதை மாற்றிவிடுவார்.

கோலில் போட்டிருக்கும் இலக்கம் நூலின் எடைக்கானது. மீனின் எடையோடு அதற்கு நேரடித் தொடர்பில்லை. சுழல் ரீலில் ஈயமோ தகடோ பாரமாக இருந்து தங்கூசியை இழுத்துக்கொண்டு பறக்கும். ஃப்ளைக்குச் சொல்லத்தக்க பாரம் கிடையாது. இறகும் மயிரும் சுற்றிய ஒரு முள், அவ்வளவுதான். ஆகவே பாரம் முழுவதையும் நூலிலேயே வைத்திருக்கிறார்கள். நாம் வீசுவது நூலை, ஃப்ளை அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. நூலின் முதல் 30 அடி எத்தனை கிரெயின் நிறை என்று பார்த்து இலக்கம் கொடுப்பார்கள். ஐந்துக்கு 140 கிரெயின், ஏறக்குறைய 9 கிராம். ஆறுக்கு 160. எட்டுக்கு 210, அது பதின்மூன்றரை கிராம் வரும். பன்னிரண்டுக்கு 380.

ஆகவே கோல் வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, எவ்வளவு பெரிய ஃப்ளையை எவ்வளவு காற்றுக்குள் கொண்டுபோக வேண்டும் என்பதை. மீனின் பலம் அடுத்த கேள்வி. கெண்டையை ஐந்தாம் இலக்கத்தில் ஏற்றியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கோழிமுட்டை நீளத்துக்கு ஈயக்கண் வைத்த ஃப்ளையை ஐந்தாம் இலக்க நூலால் எதிர்காற்றில் வீசிப் பாருங்கள், அது உங்கள் காதில்தான் வந்து குத்தும்.

இனி அன்ட்ரோஸ். அங்கே போன்ஃபிஷ் முழங்கால் ஆழத் தண்ணீரில், சில வேளை அதற்கும் குறைவான தண்ணீரில், வெள்ளை மணல்மேல் மேயும். மூன்று, நான்கு இறாத்தல் மீன்கள் சாதாரணம். அன்ட்ரோஸில் அதைவிட நல்ல பருமனும் உண்டு. வாய் கீழ்ப்பக்கம் இருக்கும். நண்டையும் இறாலையும் சிப்பியையும் தொண்டைப் பற்களால் நொறுக்கித் தின்னும். அங்கே கட்டும் ஃப்ளை பெரிதல்ல, நான்காம் ஆறாம் இலக்க முள்ளில் இரண்டு அங்குலத்துக்குள் அடங்கும். பிரச்சினை காற்று. கடல் மேடை என்கிற திறந்த ஆழமற்ற மணற்பரப்பு, மறைவு என்று ஒரு மரம்கூடக் கிடையாது. காற்று ஓய்ந்த நாள் அபூர்வம். அந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டு 40, 50 அடி போய், மீனுக்கு முன்னால் சத்தமில்லாமல் ஃப்ளை விழ வேண்டும். அதற்குத்தான் எட்டு. 9 அடி நீளம், நான்கு துண்டாகக் கழற்றக்கூடியது. கைப்பையோடு விமானத்துக்குள் கொண்டுபோகலாம். அடியில் உருட்டிவிடும் பெட்டியில் கோலைப் போடாதீர்கள்.

உங்கள் பட்டியலில் அந்தக் கோலுக்கு மிகப் பொருத்தமான உள்ளூர் மீன் எது என்றால், நீங்கள் கடைசியில் வேண்டாவெறுப்பாக எழுதிய கெண்டைதான். மே கடைசியில் ஏரியின் ஆழமில்லாத ஓரங்கள் சூடேறும்போது அவை உள்ளே வந்துவிடும். நீர்மேல் பளபளப்பை அடக்கும் போலரைஸ்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்தால் தலையைக் கீழே போட்டு வாலைச் சற்றே தூக்கிச் சேறு கிளப்பிக்கொண்டு நிற்கும். போன்ஃபிஷ்ஷும் அப்படியேதான் மேயும். கண்ணால் கண்டு, அது போகும் திசையைக் கணித்து, முகத்துக்கு இரண்டடி முன்னால் ஃப்ளையை இறக்கி, தரையில் தங்கவிட்டு, மீன் சாய்ந்து குனியும் கணத்தைப் பார்த்து இழுக்க வேண்டும். கெண்டை வாய்க்குள் எடுத்துத் துப்புவதை நூல் சொல்லாது. செவுள் விளிம்பு சற்று விரிவதைக் கண் பிடிக்க வேண்டும். ஜூன் முழுவதும் ஒரு கெண்டையின் முகத்தில் ஃப்ளை போடப் பழகிய ஆள் நவம்பரில் படகின் முன்தட்டில் ஏறி நிற்கும்போது கை நடுங்காது. கெண்டையை இங்கே பலர் குப்பை மீன் என்பார்கள். அவர்கள் ஒரு நாளும் அதைக் கண்ணால் தேடிப் பிடித்திருக்க மாட்டார்கள்.

ஸ்டீல்ஹெட்டுக்கு எட்டு கச்சிதம். இது பசிபிக் கரையிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து பெரிய ஏரிகளில் விடப்பட்ட ரெயின்போ ட்ரவுட். ஏரியில் கொழுத்து ஆற்றுக்குள் முட்டையிட ஏறும். இழுபறி நீண்டால் மீன் களைத்துச் செத்துவிடக்கூடும், பலமான கோலால் சீக்கிரம் கரைக்கு எடுப்பதே மீனுக்கும் நல்லது. ஸ்மால்மவுத்துக்கு எட்டு கொஞ்சம் கூடுதல், பெரிய ஃப்ளை போட்டால் கணக்குச் சரி. கூரிய பல்லுள்ள பைக் மீன் கடித்தால் எந்தத் தங்கூசியும் நிற்காது, ஒரு சாண் கம்பி கட்டுங்கள். மஸ்கி என்ற பெரிய மீனைப் பிடிக்க ஆசை வந்தால் பத்தாம் இலக்கம் வாங்கும் நாளில் யோசிக்கலாம்.

கிராண்ட் ஆற்று ட்ரவுட்டுக்கு எட்டு பொருந்தாது. அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கென ஒரு ஐந்தை அடுத்த வருடம் பழையதாக வாங்குங்கள்.

கடைக்காரர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. நூல் இரண்டு வேண்டும். நம் ஊர்க் குளிர்நீருக்கான நூலின் மேற்பூச்சு மென்மையானது. அதைப் பகாமாஸ் வெயிலில் எடுத்தால் நூல் இளகித் தளர்ந்து கோலின் வளையங்களில் ஒட்டும், 30 அடி தாண்டாது. வெப்பக் கடலுக்கென விற்கும் நூல் உள்ளேயும் வெளியேயும் விறைப்பானது. அதை நவம்பரில் கனரஸ்காவுக்குக் கொண்டுபோனால் சுருள் சுருளாக நிற்கும். கோலில் 50 டொலரை மிச்சம் பிடித்து இரண்டாவது நூலுக்குக் கொடுங்கள். விலையுயர்ந்த கோலில் தவறான நூல் போடுகிறவரைவிட மலிவான கோலில் சரியான நூல் போடுகிறவர் தூரம் வீசுவார்.


எலோராக்காரி எழுதியது:

பழைய தங்கூசி அண்ணா, கெண்டை பற்றி எழுதியதை வாசித்துவிட்டு எனக்கே ஆசை வந்துவிட்டது. ஆனால் ட்ரவுட்டை ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள், அதற்கு நான் ஒத்துப்போகவில்லை.

ஏரிக்கரையான், நான் கிராண்ட் ஆற்றங்கரையில் குடியிருப்பவள். ஷாண்ட் அணைக்குக் கீழே வரும் தண்ணீர் கோடையிலும் குளிர்ந்திருப்பதால்தான் இங்கே பிரவுன் ட்ரவுட் வாழ்கிறது. மாலையில் கேடிஸ் பூச்சி எழும்பும்போது மீன் உதடு மட்டும் தெரிய நீர்மட்டத்தில் உறிஞ்சும். அப்போது நீங்கள் கட்டுவது பதினாறாம் பதினெட்டாம் இலக்க முள், அரிசியளவு. இந்த இலக்கம் ஏற ஏற முள் சிறியதாகும், குழம்பிவிடாதீர்கள். அந்த முள்ளின் இலக்கத்தை மூன்றால் வகுத்தால் கடைசித் தங்கூசியின் எக்ஸ் இலக்கம் கிடைக்கும். பதினாறுக்கு ஐந்து எக்ஸ். அந்தத் தங்கூசியின் குறுக்களவு அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு. எக்ஸ் இலக்கத்தைப் பதினொன்றிலிருந்து கழித்தால் இந்த ஆறு வரும், எந்த இலக்கத்துக்கும் இப்படியே போட்டுப் பார்க்கலாம். இவ்வளவு மெல்லிய தங்கூசியை எட்டாம் இலக்கக் கோலில் கட்டினால், மீன் ஒரு தரம் தலையை உதறியதுமே அறுந்துபோகும். கோல் வளைந்து அந்த உதறலை உறிஞ்ச வேண்டும், எட்டு அதற்கு வளையாது. தண்ணீரில் நூல் விழும் சத்தத்துக்கே பாதி ஆறு காலியாகிவிடும்.

என் யோசனை: ஐந்தை இப்போது வாங்குங்கள். வருடத்தில் எத்தனையோ மாலைகள் அதுதான் கையில் இருக்கும். போன்ஃபிஷ் விடுதிகள் பலவற்றில் எட்டாம் இலக்கக் கோலை இரவலாகவோ வாடகைக்கோ தருவார்கள். மைத்துனரை விட்டு விசாரிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கிராண்ட் ஆற்றின் சில பகுதிகளில் செயற்கை இரையும் எதிர்முள் இல்லாத ஒற்றை முள்ளும் மட்டுமே அனுமதி, பிடித்ததைத் திருப்பி விட வேண்டும். எந்தப் பாலத்திலிருந்து எந்தப் பாலம் வரை என்பதை அந்த வருட விதிப் புத்தகத்தில் பார்த்துவிட்டு இறங்குங்கள்.


பழைய தங்கூசி எழுதியது:

தங்கச்சி சொல்லும் ட்ரவுட் கணக்கு முழுக்கச் சரி, அதில் எனக்கு வாதமில்லை. இரவல் கோலில்தான் உடன்படவில்லை. கடல் மேடையில் நின்று வாழ்நாளில் முதல் தடவையாக எட்டாம் இலக்கம் வீசுகிறவர் காற்றோடு சண்டைபோடுவார். வழிகாட்டி "பதினொரு மணிப் பக்கம், 40 அடி" (படகின் முன்பக்கம் பன்னிரண்டு மணி) என்று சொல்லி முடிப்பதற்குள் மீன் போய்விடும். நாள் வாடகை கொடுத்துப் படகேறி வீசப் பழகுவது மிக விலைகூடிய பாடசாலை. தன் கோலை ஜூன் முதல் கையில் வைத்துப் பழகட்டும்.

ஆனால் ஏரிக்கரையான் அன்ட்ரோஸ் பயணத்தைக் கைவிடுவதாக இருந்தால் என் கட்சி எலோரா தங்கச்சிதான். ஐந்தை வாங்கட்டும்.


ஏரிக்கரையான் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பயணத்தைக் கைவிட்டால் மைத்துனர் வீட்டு வாசலில் வந்து நிற்பார், ஆகவே எட்டுதான். ட்ரவுட்டுக்கு ஐந்தை மெல்ல வாங்கிக்கொள்கிறேன் அக்கா.

இரண்டு சந்தேகம். ட்ரவுட்டுக்கு ரீல் வெறும் நூல் சுற்றிவைக்கும் பெட்டிதான், அதில் காசை வீணாக்காதே என்று ஓரிடத்தில் வாசித்தேன். கடலுக்கும் அப்படித்தானா? மற்றது, ஃப்ளை என்னென்ன வாங்க வேண்டும்? கடையில் ஒரு சுவர் முழுவதும் தொங்குகிறது, தலை சுற்றுகிறது.


பழைய தங்கூசி எழுதியது:

ட்ரவுட்டுக்கு நீங்கள் வாசித்தது சரி. போன்ஃபிஷ்ஷுக்கு அதை நம்பாதீர்கள். முள் ஏறியதும் அது 100 யார் ஒரே மூச்சில் ஓடும். ஃப்ளை நூலின் மொத்த நீளமே 90, 100 அடிதான், அது முழுவதும் வெளியே போய், அதன் பின்னால் கட்டிய மெல்லிய டேக்ரான் நூல் சரசரவென்று ஓடும். அந்தப் பின்நூல் 20 இறாத்தல் பலத்தில் 200 யார் இருக்க வேண்டும். ரீலின் பிரேக் இடறாமல் வழுக்கிக்கொண்டு பிடிக்க வேண்டும், உப்புநீர் உள்ளே போகாதபடி மூடியதாக இருக்க வேண்டும். உருளை அகலமான ரீலாகப் பாருங்கள், மீன் திரும்பி உங்களை நோக்கி ஓடிவரும்போது சீக்கிரம் சுற்றி எடுக்கலாம். அதே ரீலுக்கு உபரி உருளை ஒன்று வாங்கினால் இரண்டாவது நூலுக்கு இன்னொரு ரீல் தேவையில்லை. மாலையில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். குழாயை அழுத்திப் பீய்ச்சினால் உப்பை உள்ளே தள்ளிவிடும்.

மீன் ஓடத் தொடங்கும் அந்த முதல் இரண்டு வினாடியில் மீனைப் பார்க்காதீர்கள். காலடியில் கிடக்கும் தளர்ந்த நூலைப் பாருங்கள். இழுத்து இழுத்துப் போட்ட நூல் அங்கே வளையம் வளையமாகக் கிடக்கும், அது உயிர் வந்தது போலத் துள்ளி எழும்பும். சட்டைப் பொத்தான், செருப்பு வார், ரீலின் கைப்பிடி, எதில் வேண்டுமானாலும் சிக்கும். சிக்கினால் டப் என்று ஒரு சத்தம், மீன் போய்விட்டது. இடது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒரு வளையமாகி, அதற்குள்ளால் நூலை ஒழுங்காக வெளியே அனுப்ப வேண்டும். நூல் ரீலில் இறுகிய பிறகு தலை நிமிர்ந்து மீனைப் பாருங்கள். படகில் வெறுங்காலோடு நிற்பது இதற்காகத்தான்.

முள் ஏற்றுவதும் வேறு. ட்ரவுட்டுக்குக் கோலை மேலே தூக்கி முள் ஏற்றுவார்கள். போன்ஃபிஷ்ஷுக்குத் தூக்கினால் ஃப்ளை அதன் வாய்க்கு மேலே பறந்துவிடும். கோல் நுனி தண்ணீரைத் தொட, மீனையே நேராகக் காட்டியபடி இருக்கட்டும், இடது கையால் நூலை நீளமாக ஒரு இழுவை. மீன் முதல் தடவை தவறவிட்டாலும் ஃப்ளை அங்கேயே கிடக்கும், திரும்ப வந்து எடுக்கும்.

ஃப்ளை நூலுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் கட்டும் தங்கூசியான லீடர் 9 அடி முதல் 12 அடி வரை, நுனி 10 அல்லது 12 இறாத்தல் ஃப்ளோரோகார்பன். அது நைலோனைவிட அடர்த்தி கூடியது, தாழும், பவளக்கல்லில் உரசினாலும் சற்றுத் தாக்குப்பிடிக்கும். இதனால்தான் தங்கச்சியின் மிதக்கும் கேடிஸ்ஸுக்கு அதைக் கட்டக் கூடாது, நைலோன்தான்.

சுவர் முழுக்கத் தொங்கும் ஃப்ளைகளைப் பார்க்கவே வேண்டாம். கிரேஸி சார்லி வாங்குங்கள். அன்ட்ரோஸில் 1977இல் பிறந்தது, சார்லி ஸ்மித் என்ற அவ்வூர் வழிகாட்டியின் பெயர்தான் அதற்கு. இரண்டு சிறு சங்கிலிமணிகள் கண்ணாக இருப்பதால் முள் முனை மேல்நோக்கித் திரும்பி நீந்தும், அடியில் புல்லிலோ கல்லிலோ மாட்டாது. வெளிர் நிறம், மணல் நிறம் இரண்டிலும் நான்காம் ஆறாம் இலக்கத்தில் கொஞ்சம் எடுங்கள். மிக ஆழமற்ற நீருக்குக் கண்ணே இல்லாத சிலதும் வேண்டும், மணிக்கண் விழும் சத்தத்துக்கு அங்கே மீன் சிதறும். கம்பி கட்டிய பெரிய ஃப்ளை ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும், மேடை விளிம்பில் சீலா நிற்கும். பெர்மிட், டார்பன் போன்ற பெரிய மீன்கள் எதிர்ப்பட்டால் வழிகாட்டியின் பத்தாம் இலக்கக் கோலைக் கேளுங்கள். பகாமாஸ் மேடைகளில் மீன்பிடிக்க வெளிநாட்டவர் 2017 முதல் தனி அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும், அதையும் மைத்துனரிடம் நினைவுபடுத்துங்கள்.


வாவிமகன் எழுதியது:

கனடாக்காரர்களின் கதைக்குள் மூக்கை நுழைக்கிறேன், மன்னியுங்கள். மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். மாமா ஒருவர் நோர்வேயிலிருந்து வந்தபோது எட்டாம் இலக்க ஃப்ளைக் கோலொன்றைத் தந்துவிட்டுப் போனார். சும்மா கிடக்கிறது. நம் வாவியில் கொடுவாவுக்கும் பாரைக்கும் இது தாங்குமா?


பழைய தங்கூசி எழுதியது:

தாங்கும் தம்பி. வாவிக்குள் சாதாரணப் பருமன் கொடுவாவுக்கும் சிறு பாரைக்கும் எட்டு போதும். கடலோரப் பெரும்பாரையை அதனால் தொடாதீர்கள். அதற்குப் பன்னிரண்டாம் இலக்கமும் 80 இறாத்தலுக்கு மேற்பட்ட நுனித் தங்கூசியும் வேண்டும், இல்லையென்றால் கோலோடு போய்விடும்.

கொடுவாவின் செவுள் மூடி கத்தி போன்றது, உதட்டுக்குள் அரம் வைத்தது போல உரசும். லீடரின் நுனியில் ஒன்றரை அடிக்கு 40 இறாத்தல் தடித்த தங்கூசி கட்டுங்கள். கண்டல் வேர்களுக்குள் ஓட விடாதீர்கள், முதல் இழுவையிலேயே தலையைத் திருப்ப வேண்டும். நோர்வேயிலிருந்து வந்தது என்றால் அதில் இருப்பது குளிர்நீர் நூலாகத்தான் இருக்கும். உங்கள் வெயிலில் அது ஒட்டும். நூலை மாற்றுங்கள்.

ஃப்ளைக்கு கிளவுசர் மின்னோவைத் தேடுங்கள். வெள்ளையும் பச்சையும் கலந்தது, ஒன்றாம் இலக்க முள்ளில். பென்சில்வேனியாவின் சஸ்குவெஹன்னா ஆற்றில் ஸ்மால்மவுத் பாஸுக்கென்று பொப் கிளவுசர் கட்டியது, இன்று வெப்பக் கடலெங்கும் பாரைகூட அதைத்தான் எடுக்கிறது. ஏரிக்கரையான், நீங்களும் இரண்டு வாங்கிவையுங்கள், கோடையில் உங்கள் பாஸுக்கு அதுவே போதும். அங்கே முள் கிடைக்காவிட்டால் கொண்டுவருகிறேன், உப்புநீருக்குத் துருப்பிடிக்காத முள்தான் வேண்டும். ஆகஸ்டில் ஊருக்கு வருகிறேன். முகத்துவாரத்தில் அந்த மாதம் பாரை எந்த நேர நீரோட்டத்துக்கு உள்ளே வருகிறது என்று வலைக்காரர்களிடம் கேட்டு எழுதுங்கள்.